வாக்கிங் போக வண்டி எதற்கு?

காலை ஐந்தரை மணிக்குக் கோவை ரேஸ் கோர்ஸ் பக்கம் போயிருப்பீர்கள். ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர் சுற்று, தலைக்கு மேல் கிளை கோத்த பழைய மரங்கள், நாலு பேர் சேர்ந்து நடக்க இடமுள்ள நடைபாதை. நடப்பவர்களை விட்டுவிட்டு ஓரத்தில் நிற்கும் வண்டிகளைப் பாருங்கள். வடவள்ளியிலிருந்து, சரவணம்பட்டியிலிருந்து, குனியமுத்தூரிலிருந்து வந்த கார்களும் ஸ்கூட்டர்களும் வரிசையாக நிற்கும். பத்து கிலோமீட்டர் ஓட்டிவந்து, இரண்டு சுற்று நடந்து, மறுபடி பத்து கிலோமீட்டர் ஓட்டிப் போகிறோம். நானும் பல வருடம் அப்படிப் போனவன்தான். ஒருநாள் விடிகாலை வண்டியை எடுக்கும்போது எதிர்வீட்டுப் பெரியம்மா கோலம் போட்டபடியே கேட்டார்: "ஏங்கண்ணு, நடக்கறதுக்கு எதுக்கு அத்தன தூரம் வண்டியில போற? நம்ம வீதியில நடந்தா ஆகாதா?"

ஆகாது. அப்போது எங்கள் வீதியில் நடைபாதை கிடையாது. சாக்கடை மேல் போட்ட சிலாப்புகள் ஒன்றுக்கொன்று அரையடி ஏறி இறங்கும். இரு பக்கமும் கார்கள். நடுவில் மிஞ்சிய இடத்தில் பள்ளி வேனும் தண்ணி லாரியும் ஒன்றையொன்று தாண்டும். கேள்வி கேட்ட பெரியம்மாவே வாசலைத் தாண்டி மாதக்கணக்காகியிருந்தது. பாலும் மருந்தும் வீட்டுக்கே வந்துவிடும். முன்பு நாள்தோறும் பிள்ளையார் கோயில் வரை போய்வந்தவர், ஒருமுறை சிலாப்பில் தடுக்கி விழுந்த பிறகு போவதை நிறுத்தியிருந்தார். கோயிலுக்கும் வீட்டுக்கும் இடையே நானூறு அடி தூரம்கூட இருக்காது.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது, வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு. நாளுக்கு இருபத்திரண்டு நிமிடம். கடைக்கு, பஸ் ஸ்டாப்புக்கு, கோயிலுக்கு, பிள்ளையைப் பள்ளியில் விட என்று நடந்தாலே இந்தக் கணக்கு தீர்ந்துவிடும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் நாடு தழுவிய நீரிழிவு ஆய்வு முடிவுகள் 2023ல் வந்தன. பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறத்தாழ 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். தமிழ்நாட்டின் விகிதம் அதைவிட அதிகம். அதே ஆண்டு நவம்பரில் தமிழக அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் மாவட்டத்துக்கு ஒன்று போதாது. வீதிக்கு ஒன்று வேண்டும்.

நோய் வந்த பிறகு ஊரைத் திருத்திக் கட்டிய அனுபவம் கோவைக்கு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளேக் இந்த ஊரைத் திரும்பத் திரும்பத் தாக்கியது. பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் இருக்கின்றன. நெருக்கமான பழைய ஊருக்கு மேற்கே, காற்றும் வெளிச்சமும் வரும்படி நேர்நேரான வீதிகளோடு புதிய குடியிருப்பு போடப்பட்டது. நகராட்சித் தலைவராக இருந்த ரத்தினசபாபதி முதலியார் பெயரால் அது ஆர்.எஸ்.புரம். டி.பி. ரோட்டை நடுவில் வைத்துக் கிழக்கு சம்பந்தம் ரோடு, மேற்கு சம்பந்தம் ரோடு என்று இன்றும் வழி சொல்கிறோம். புதிதாக வந்தவர்கூட அங்கே தொலைந்துபோக மாட்டார். நூறு வருடம் ஆகியும் அந்த வீதிகளில் நடந்தே கடைகண்ணி முடிக்கலாம். அன்று எலியும் இருட்டும் பகை. இன்று உட்கார்ந்தே கழியும் வாழ்க்கையும் வெக்கையும் புகையும் தனிமையும் பகை. சைட் வாங்குவோர், சைட் போடுவோர், குடியிருப்போர் சங்கத்தார், கவுன்சிலர்கள், மாநகராட்சிப் பொறியாளர்கள் எல்லோரையும் நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

சைட் வாங்கும் முன்

செய்ய வேண்டியவை

• லே-அவுட் வரைபடத்தின் நகலை வாங்குங்கள். முதலில் தேட வேண்டியது உங்கள் மனையை அல்ல, ரிசர்வ் சைட்டை. பெரிய மனைப்பிரிவு போடுகிறவர், சாலை நீங்கலான நிலத்தில் 10 சதவீதத்தைப் பொதுப் பயன்பாட்டுக்கு விட்டு, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. பத்து ஏக்கர் சோளக்காடு சைட் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாலைக்கு மூன்று ஏக்கர் போனால் மீதி ஏழு. அதில் பத்தில் ஒன்று, எழுபது சென்ட். உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு, வீட்டிலிருந்து 300 மீட்டருக்குள் அரை ஹெக்டேராவது, அதாவது ஒன்றேகால் ஏக்கராவது பசுமை வெளி இருக்க வேண்டும் என்கிறது. நம் விதி தருவது அதில் பாதிக்குச் சற்று மேல். அதனால்தான் அந்த எழுபது சென்ட்டில் ஒரு சென்ட்டும் போகவிடக் கூடாது என்கிறேன்.

• வரைபடத்தில் பார்த்ததோடு நிற்காமல் அங்கே நடந்து போய்ப் பாருங்கள். "ஏனுங்க, ரிசர்வ் சைட் எங்கீங்க?" என்று கேட்டால், "அது கடைசீல விட்டிருக்குதுங்க" என்று கை காட்டுவார்கள். கடைசி என்றால் பெரும்பாலும் பள்ளத்தை ஒட்டிய மூலை, அல்லது விலைபோகாத கோணல் துண்டு. எட்டு வயதுக் குழந்தை தனியாகப் போய் விளையாட முடியாத மூலையில் இருந்தால், அந்த இடம் காகிதத்தில் மட்டும்தான் பூங்கா. சைட் போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அதை நடுவில் வையுங்கள். நாலு பக்கமும் வீடுகளின் வாசல் அதைப் பார்த்து இருக்கட்டும். அந்த வீடுகளுக்கு விலையும் கூடும், அங்கே விளையாடும் குழந்தைகளுக்குக் காவலும் கிடைக்கும்.

• பகல் ஒரு மணிக்கு நடந்து பாருங்கள். சைட் காட்டுகிறவர் ஏசி காரில் கூட்டிப்போவார். அடுத்த முறை தனியாகப் போய், மனையிலிருந்து பால் கடைக்கு, மருந்துக் கடைக்கு, டவுன் பஸ் நிற்கும் இடத்துக்கு, பள்ளிக்கு நடந்து பாருங்கள். எங்கே நிழல் இல்லை, எங்கே ரோட்டைக் கடக்க முடியவில்லை என்று உங்கள் காலே சொல்லிவிடும்.

செய்யக்கூடாதவை

• 'அப்ரூவ்டு சைட்' என்ற சொல்லோடு திருப்தி அடையாதீர்கள். அனுமதி என்பது கீழ் வரம்பு. அதற்கு மேல் கேட்பது வாங்குகிறவரின் உரிமை.

• ரிசர்வ் சைட்டில் எதையும் கட்ட விடாதீர்கள். கோயில் என்றாலும், சங்கக் கட்டடம் என்றாலும், கார் ஷெட் என்றாலும் வேண்டாம். இதைச் சொன்னால் மனவருத்தம் வரும், தெரியும். கோவையில் ரிசர்வ் சைட்டை மீட்க மனுக் கொடுத்து, தகவல் உரிமைச் சட்டத்தில் காகிதம் வாங்கி, உயர் நீதிமன்றம் வரை போனவர்கள் பல காலனிகளில் இருக்கிறார்கள். வருடக்கணக்கில் அலைந்து மீட்ட இடங்கள் அவை. விட்ட பிறகு மீட்பதைவிட விடாமல் இருப்பது எளிது. முதல் நாளே சுற்றிலும் கம்பி வேலி போட்டு, நடுவில் நாலு வேப்பங்கன்று நட்டு, மாநகராட்சியின் பெயர்ப்பலகை வைக்கச் சொல்லி மனுக் கொடுங்கள்.

• பக்கத்து லே-அவுட்டோடு சேரும் வழியைச் சுவர் வைத்து அடைக்காதீர்கள். சுவருக்கு அந்தப் பக்கம் முந்நூறு அடியில் பள்ளிக்கூடம். சுற்றிப் போனால் ஒன்றரை கிலோமீட்டர். அப்புறம் பிள்ளை வேனில்தான் போகும். கார் போகாதபடி கல் நட்டு, ஆளும் சைக்கிளும் போகுமளவு சந்து விட்டாலே போதும்.

வீதி

இந்தப் பகுதிதான் எனக்கு முக்கியம். வீட்டுக்குள் எத்தனை வசதி இருந்தாலும், வாசலைத் தாண்டியதும் நடக்க முடியாது என்றால் அந்த வீடு நோய்க்கு வைத்த வாசல்தான்.

செய்ய வேண்டியவை

• நடைபாதை தடங்கல் இல்லாமல் 1.8 மீட்டர் அகலமும், 15 சென்டிமீட்டருக்கு மேற்படாத உயரமும் இருக்க வேண்டும். இந்திய சாலைப் பேராயத்தின் நடைபாதை விதி இது. இரண்டு பேர் எதிரெதிராக வந்தால் ஒருவர் ரோட்டில் இறங்க வேண்டியிருக்காது, சக்கர நாற்காலியும் போகும். ஒன்றரை அடி உயரத்தில் நடைபாதை கட்டினால் முட்டுவலிக்காரர் அதில் ஏற மாட்டார். ரோட்டிலேயே நடப்பார்.

• வீட்டு வாசல் சறுக்கலைக் கேட்டுக்கு உள்ளே வையுங்கள். காரை ஏற்றுவதற்காக ஒவ்வொருவரும் வெளியே மூன்றடி சிமென்ட் சரிவு போடுகிறோம். இருபது வீடு இருந்தால் இருபது மேடு பள்ளம். நடைபாதை ஏன் இல்லை என்று மாநகராட்சியைக் கேட்கும் முன், நம் சறுக்கல் எதுவரை நீள்கிறது என்று டேப் வைத்து அளந்து பார்ப்போம்.

• ரோட்டைக் கடக்கிறவருக்காகச் சிக்னல் கேளுங்கள். கோவையில் பல சந்திப்புகளில் சிக்னலை எடுத்துவிட்டு யூ-டர்ன் வைத்தார்கள். வண்டிகள் நிற்காமல் ஓடுகின்றன என்பது உண்மைதான். ஆனால் வண்டி நிற்கும் அந்த அரை நிமிடத்தில்தான் பாட்டியும் பள்ளிப் பிள்ளையும் கடந்து கொண்டிருந்தார்கள். அவிநாசி ரோட்டில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் 2025 அக்டோபரில் ஜி.டி. நாயுடு பெயரில் திறக்கப்பட்டது. மேலே பறக்கிறவருக்கு நேரம் மிச்சம். கீழே பஸ் இறங்கி எதிர்ப்பக்கம் போகிறவருக்கும் அதே அக்கறை கிடைக்க வேண்டும். அழுத்தினால் வண்டிகளை நிறுத்தும் பாதசாரி சிக்னல், இடையில் நின்று மூச்சு வாங்க ஒரு மேடை, இவை பாலத்தோடு ஒப்பிட்டால் சில்லறைச் செலவு.

• பள்ளிக்குச் சைக்கிள் வழி போடுங்கள். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு சைக்கிள் இலவசமாகத் தருகிறது. அதை ஓட்டிப் போகப் பயமில்லாத பாதை தருவதுதான் அடுத்த படி. பள்ளியைச் சுற்றி அரை கிலோமீட்டருக்கு வேகத்தை முப்பதுக்குக் கட்டுப்படுத்தினாலே பாதி பயம் போகும்.

• பஸ் ஸ்டாப்பில் நிழலும் உட்கார இடமும் கேளுங்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பஸ்ஸில் போகிறவர் வீட்டிலிருந்து நடக்கிறார், இறங்கியும் நடக்கிறார். பஸ் ஓடும் ஊரில் மக்களும் நடப்பார்கள்.

செய்யக்கூடாதவை

• அகலப்படுத்துவதையே முதல் மருந்தாக எடுக்காதீர்கள். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பேட்ரிக் கெடிஸ் 1914, 1915 ஆண்டுகளில் சென்னை மாகாணத்து ஊர்களில் வீதி வீதியாக நடந்து அறிக்கைகள் எழுதினார். பழைய தெருக்களை இடித்து நேர் ரோடு போட அதிகாரிகள் வைத்திருந்த திட்டங்களைப் பார்த்து, அப்படி வேண்டாம், இடிந்த ஒரு வீட்டை எடுத்துத் திறந்தவெளி ஆக்கு, ஒரு மரம் நடு, ஒரு கிணற்றைச் சுத்தம் செய், அதுவே போதும் என்கிற வழியைச் சொன்னார். மேட்டுப்பாளையம் ரோட்டிலும் அவிநாசி ரோட்டிலும் மரங்களைக் கொடுத்து அகலத்தை வாங்கினோம். அகலம் வண்டிகளால் நிறைந்துவிட்டது, நிழல் திரும்பி வரவில்லை.

• பழைய தார் மேல் புதுத் தார் போட விடாதீர்கள். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும் என்று தமிழக அரசு 2021லேயே சொல்லிவிட்டது. ஒவ்வொரு முறையும் ரோடு ஏற ஏற, வீடு பள்ளமாகிறது, மழைத் தண்ணீர் வாசலுக்கு வருகிறது, கொசு வருகிறது.

• ஒரு ரோட்டை மட்டும் மாதிரி ஆக்கிவிட்டு நின்றுவிடக் கூடாது. 2016ல் ஸ்மார்ட் சிட்டி முதல் பட்டியலில் கோவை இருந்தது. ரேஸ் கோர்ஸும் டி.பி. ரோடும் மாதிரிச் சாலைகள் ஆயின, நன்றாகவே இருக்கின்றன. அதே அகல நடைபாதை கணபதிக்கும் செல்வபுரத்துக்கும் போத்தனூருக்கும் எப்போது? பெஞ்சும் அலங்கார விளக்கும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, சமதளம் இருந்தால் போதும்.

நிழலும் காற்றும்

கோவைக்கு இயற்கை கொடுத்த ஏசி பாலக்காட்டுக் கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலையில் முப்பது கிலோமீட்டர் அளவு திறந்திருக்கும் அந்த வாசல் வழியாக வைகாசி பிறந்தால் மேகாத்து அடிக்கும். ஆனி, ஆடியில் கோவைப்புதூர்ப் பக்கம் துணி காயப் போட்டால் கிளிப் இல்லாமல் நிற்காது. இந்தக் காற்றை நம்பி வீடு கட்டியவர்கள் நம் தாத்தாக்கள். தோட்டத்துச் சாளைகளில் மேற்குப் பார்த்த திண்ணை இருக்கும். இன்று அதே மேற்குப் பக்கம் கண்ணாடிச் சுவர் வைத்து, உள்ளே ஏசி ஓட்டி, அதன் வெப்பத்தை வீதியில் போகிறவர் முகத்தில் விடுகிறோம்.

செய்ய வேண்டியவை: வீதிகளை மேற்குக் காற்று புகுந்து போகும்படி போடுங்கள். சுற்றுச்சுவரின் மேல்பாதி காற்றுப் போகத் துளை விட்ட ஜாலியாக இருக்கட்டும். வீதியின் இரு ஓரமும் இருபத்தைந்து அடிக்கு ஒரு மரம், வேம்பு, புங்கன், பூவரசு, மருது, நாவல் என்று கலந்து நடுங்கள். மின்கம்பிக்குக் கீழே உயரமாக வளரும் மரம் வைத்தால் வருடாவருடம் மொட்டை அடிப்பார்கள். அந்தப் பக்கம் குட்டை மரம் வையுங்கள். திருப்பூரில் 2015ல் 'வனத்துக்குள் திருப்பூர்' என்று தொடங்கியவர்கள் லட்சக்கணக்கில் மரம் நட்டு வளர்த்திருக்கிறார்கள். பனியன் ஊர் என்று பெயர் எடுத்த இடத்தில் அது முடிந்தது என்றால் எந்த ஊரிலும் முடியும். அவர்கள் செய்தியும் எளிமையானது: நட்டதோடு போகாமல் தண்ணீர் ஊற்ற ஆள் வை.

செய்யக்கூடாதவை: அடிமரத்தைச் சுற்றிச் சிமென்ட் பூசாதீர்கள், சுற்றிலும் மூன்றடி மண் திறந்திருக்க வேண்டும். சீக்கிரம் பசேலென்று ஆகும் என்று கோனோகார்பஸ் வைக்காதீர்கள். அரசே வேண்டாம் என்று சொல்லிவிட்ட மரம் அது. விளம்பரப் பலகைக்காகக் கிளை வெட்டுகிறவரைப் பார்த்தால் சும்மா போகாதீர்கள், போன் எடுத்துப் படம் பிடித்து மாநகராட்சிக்குச் சொல்லுங்கள். மரம் வெட்டித்தான் ஆக வேண்டும் என்ற நிலையில் வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நடுவதைக் கோவையின் சுற்றுச்சூழல் அமைப்புகள் பலமுறை செய்து காட்டியிருக்கின்றன. அது கடைசி வழி. பிழைக்காத மரங்களும் உண்டு.

குளமும் பள்ளமும்

வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல், சித்திரைச்சாவடி போன்ற அணைக்கட்டுகளிலும் வாய்க்கால்களிலும் பிரிந்து குளம் குளமாக நிரப்பிக்கொண்டு வந்த ஊர் இது. கிருஷ்ணாம்பதி, செல்வம்பதி, முத்தண்ணன் குளம், செல்வசிந்தாமணி, உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சி, சிங்காநல்லூர் என்று ஊருக்குள்ளேயே நீர்ச்சங்கிலி. இத்தனை நீர்நிலை ஊருக்குள் இருப்பது பெரிய செல்வம். 2003ல் தொடங்கிய சிறுதுளி போன்ற அமைப்புகளும், ஞாயிறு தோறும் மண்வெட்டியோடு இறங்கிய இளைஞர்களும் தூர்வாரிய குளங்களில் இன்று தண்ணீர் நிற்கிறது.

செய்ய வேண்டியவை

• குளக்கரையைப் பக்கத்து வீதியோடு இணையுங்கள். ஒரே ஒரு வாசலும் கார் நிறுத்தும் இடமும் வைத்தால், அங்கேயும் வண்டியில் போய்த்தான் நடக்க வேண்டும். நாலாபக்கமும் சந்து சந்தாக வழி விட்டால், சுங்கம், கரும்புக்கடை போன்ற பகுதிக்காரர்கள் தம் வீட்டு முற்றம்போல் குளத்தைப் பயன்படுத்துவார்கள்.

• சாக்கடையை முதலில் நிறுத்துங்கள், பெஞ்சு பிறகு போடலாம். நாற்றமடிக்கும் நீரைச் சுற்றி வண்ண விளக்கு வைத்தாலும் மூச்சு இழுத்து நடக்க முடியாது.

• வீட்டு மழைநீரைத் தொட்டிக்கோ உறிஞ்சுகுழிக்கோ விடுங்கள். 2003ல் தமிழ்நாடு முழுக்கக் கட்டாயமாக்கினார்கள். அன்று வைத்த குழாய் இன்று எங்கே போகிறது என்று மொட்டை மாடியில் ஏறிப் பாருங்கள்.

செய்யக்கூடாதவை

• கரை முழுக்கக் கான்கிரீட் பூசாதீர்கள். ஈர மண்ணும் கோரையும் இருந்தால்தான் பறவை வரும். சிங்காநல்லூர் குளத்தில் மாணவர்கள் பறவையும் பட்டாம்பூச்சியும் எண்ணிப் பழகுவதற்குக் காரணம் அங்கே கரை இன்னும் கரையாக இருப்பதுதான். திருப்பூர் நஞ்சராயன் குளம் 2024ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்ததும் பறவைகளால்தான்.

• பள்ளத்தை மூடிக் கட்டடம் கட்டாதீர்கள். சங்கனூர் பள்ளம் வெயில் காலத்தில் சாக்கடைபோல் தெரியும். ஐப்பசி மழையில் அது தன் பழைய அகலத்தைக் கேட்கும். லங்கா கார்னர், கிக்கானி பள்ளிப் பக்கத்துச் சுரங்கப்பாதை, அவிநாசி ரோடு பழைய மேம்பாலத்தின் கீழே, ஒரு மணி நேர மழைக்கு எங்கெல்லாம் தண்ணீர் நிற்கிறது என்று ஊருக்கே தெரியும். ஓடுவதற்கு வழி இல்லாத தண்ணீர்தான் அங்கே நிற்கிறது.

• குளத்தை அழகாக்குகிறோம் என்று மனிதர்களை ஊரின் கோடிக்கு அனுப்பாதீர்கள். குளக்கரைகளில் இருந்த குடும்பங்கள் கீரணத்தம், மலுமிச்சம்பட்டி, வெள்ளலூர் அடுக்குமாடிகளுக்குப் போயின. வெள்ளம் வரும் கரையில் அவர்கள் இருந்திருக்க வேண்டியதில்லை; சரி. ஆனால் வீட்டு வேலைக்கும் மார்க்கெட் சுமைக்கும் நடந்து போனவர் இன்று இரண்டு பஸ் மாறுகிறார். நடையும் போயிற்று, கூலியில் ஒரு பகுதியும் போயிற்று, தூக்கமும் போயிற்று. இரண்டு கிலோமீட்டருக்குள் வீடு தருவதுதான் ஆரோக்கியமான மறுகுடியமர்வு. இந்த விஷயத்தில் எனக்கு இரண்டாம் எண்ணம் கிடையாது.

நாலு பேர் கூடும் இடம்

தனிமையும் நோய்தான் என்று இப்போது மருத்துவர்களே சொல்கிறார்கள். கோவையில் ஆண்களுக்குப் பேக்கரி இருக்கிறது. சாயங்காலம் ஒரு டீயும் பன்னும் வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரம் நின்று பேசுவார்கள்; மனச்சுமை பாதி அங்கேயே இறங்கிவிடும். பெண்கள் எங்கே நின்று பேசுவார்கள்? வயதானவர்கள் எங்கே உட்காருவார்கள்?

பழைய மில் லைன் வீடுகளை நினைத்துப் பார்க்கிறேன். சங்கு ஊதினால் நடந்தே வேலைக்குப் போவார்கள். லைன் வீடுகளுக்கு நடுவில் பொதுவெளி, ஒரு வேப்பமரம், ஒரு மைதானம். வீடு சின்னதுதான், வசதியும் குறைவுதான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று பக்கத்து வீட்டுக்குத் தெரியும். சிங்கப்பூரின் அரசு அடுக்குமாடிகளில் தரைத்தளத்தை வீடு கட்டாமல் திறந்து விட்டிருக்கிறார்கள். நிழலில் பெரியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். கல்யாணமும் அங்கே, துக்கமும் அங்கே. அங்குள்ள தமிழர்களுக்கு அது வீட்டுத் திண்ணை மாதிரி. நம் அடுக்குமாடிகளில் தரைத்தளம் முழுவதையும் காருக்குக் கொடுத்துவிட்டோம்.

செய்ய வேண்டியவை: அடுக்குமாடித் தரைத்தளத்தில் இரண்டு கார் இடத்தையாவது மனிதருக்கு விடுங்கள், இரண்டு பெஞ்சும் ஒரு மின்விசிறியும் போதும். வீதி முனையில் மரத்தடி மேடை கட்டுங்கள். மாநகராட்சிப் பள்ளி மைதானத்தை மாலையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குத் திறக்கக் கேளுங்கள். பொது இடம் எதுவானாலும் பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறையும் இரவு எட்டு மணிக்கு எரியும் விளக்கும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லை என்றால் ஊரில் பாதிப் பேருக்கு அந்த இடம் இல்லை என்றே பொருள். உழவர் சந்தை நடக்கும் தூரத்தில் இருந்தால் கீரையும் காயும் தினமும் வீட்டுக்கு வரும். ஆர்.எஸ்.புரம், சிங்காநல்லூர், வடவள்ளி, சுந்தராபுரத்தில் இருப்பதுபோல் புதிதாக வளர்ந்த பகுதிகளிலும் கேளுங்கள். கேரட்டும் கத்தரிக்காயும் விற்கும் தள்ளுவண்டிக்கு நிழலான ஓர் ஓரம் ஒதுக்குங்கள். தெரு வியாபாரிகளுக்கு 2014லிருந்து சட்டமே இருக்கிறது.

செய்யக்கூடாதவை: தையல் கடையையும் மாவு மில்லையும் குடியிருப்பிலிருந்து விரட்டாதீர்கள், நடந்தே வேலைக்குப் போகும் வாழ்க்கை அவற்றால்தான் நடக்கிறது. ஃபவுண்டரியையும் சாயப்பட்டறையையும் குடியிருப்புக்குள் விடாதீர்கள். நொய்யல் சாயநீரால் பட்ட பாட்டை, 2011ல் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை உயர் நீதிமன்றம் மூடச் சொன்னதைக் கொங்கு நாடு மறந்திருக்காது. குடியிருப்புப் பகுதியில் சத்தம் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது சட்டம். ஒலிபெருக்கிக்கும் பட்டறைக்கும் அது ஒன்றுதான்.

சில்லறையாகச் சில

• குப்பையைத் தரம் பிரிக்காமல் கொடுக்காதீர்கள். 2024 ஏப்ரலில் வெள்ளலூர்க் குப்பைமேடு பற்றி எரிந்தபோது அந்தப் புகையைச் சுவாசித்தவர்கள் நம் ஊர்க்காரர்கள்தான்.

• வாரம் ஒரு காலை, ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம், உங்கள் வீதியை வண்டி இல்லாமல் குழந்தைகளுக்கு விடுங்கள். ஆர்.எஸ்.புரத்தில் செய்து பார்த்ததுதான். மேடையும் மைக்கும் வேண்டாம், ஒரு பம்பரமும் ரப்பர் பந்தும் போதும்.

• பூங்காவுக்குக் காலை பத்து மணிக்குப் பூட்டுப் போடாதீர்கள். கட்டட வேலைக்கு வந்தவர் மதியம் படுக்க அங்கேதான் நிழல் இருக்கும்.

• மூடிக்கிடக்கும் மில் நிலங்கள் விற்பனைக்கு வரும்போது, அதில் நிற்கும் மரங்களையும் மைதானத்தையும் ஊருக்கென்று கேட்க மறக்காதீர்கள். 1994க்குப் பிறகு கோவைக்கான புதிய முழுமைத் திட்டம் 2041ஐக் குறிவைத்தது. இப்போது கேட்காதது அதுவரை கிடைக்காது.

எங்கள் வீதியில் சென்ற வருடம் பதினெட்டு வீட்டுக்காரர்கள் சேர்ந்து வாசல் சறுக்கலை உள்ளே தள்ளிக்கொண்டோம். சிலாப்புகளைச் சமமாகப் பதிக்க மாநகராட்சி ஆட்கள் வந்தார்கள், நாங்களும் கூட நின்றோம். ஒன்பது புங்கன் கன்றுகளில் ஏழு பிழைத்தன. நான் ரேஸ் கோர்ஸுக்கு வண்டி எடுப்பதை நிறுத்திவிட்டேன். பெரியம்மா பிள்ளையார் கோயில் வரை போகிறார்.

அடுத்த முறை உங்கள் வார்டில் பகுதி சபைக் கூட்டம் நடக்கும்போது போங்கள். கையில் லே-அவுட் வரைபட நகலும் ஓர் அளவு டேப்பும் இருக்கட்டும். ரிசர்வ் சைட் எங்கே, நடைபாதை எத்தனை அடி, இந்த இரண்டு கேள்வியை மட்டும் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்காமல் எழுந்து வராதீர்கள்.